பிரான்சிஸ் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்த காலை

“அந்த பஸ்ஸரை ஆஃப் பண்ணும்மா ஷீலா, காதே போவுது!” என்று டிரைவர் சீட்டிலிருந்து பிரான்சிஸ் அண்ணன் கத்தினார்.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஆட்களை வேலைக்கு ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ் அது. டிரைவர் ஒரு பக்கம் சாய்ந்தாலோ தலை தொங்கினாலோ பஸ்ஸர் அடிக்க, எங்கள் பஸ்களில் கேமராவும் சீட் சென்சாரும் உண்டு. அவற்றை மாட்டிப் பராமரிப்பது என் வேலை. அன்று ஹெட் ஆபீஸ் போக நானும் அதே பஸ்ஸில் ஏறியிருந்தேன்.

மற்ற டிரைவர்களை அந்த பஸ்ஸர் படாதபாடு படுத்தும். அண்ணனிடம் மட்டும் வாலாட்டியதில்லை. சர்ச் கோயரில் பாடுகிறவர். சீட்டிலும் அப்படியே நெஞ்சை நிமிர்த்தித்தான் உட்காருவார். அன்றோ பங்காருபேட்டை தாண்டியதிலிருந்து பஸ்ஸர் ஓயவில்லை.

“வயரைப் புடுங்கிப் போடுங்க மேடம், தூங்க வுடமாட்டேங்குது” என்றான் பின் சீட்டிலிருந்து, தினமும் அதில் வேலைக்குப் போகும் கிரண்.

சென்சார்தான் கெட்டுவிட்டது என்று டூல் பையோடு முன்னால் போனேன். அண்ணன் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தார்.

“கொஞ்சம் நேரா உக்காருங்கண்ணா.”

“நேராத்தானே உக்காந்துனு கீறேன். உனக்கு இன்னா ஆச்சு?”

அவர் விளையாடவில்லை. இடது கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. அதுவே அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பதறிவிடுவாரோ என்று பயம்.

“அண்ணா, எனக்கு வாந்தி வருது. ஓரமா நிறுத்துங்க.”

“அய்யோ, இரும்மா, இரு.”

கிளட்ச்சை மிதிக்காமலே பிரேக் போட்டார். வண்டி குலுங்கி, என்ஜின் அணைந்து நின்றது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். கிரண்தான் ஓடிவந்து அவரைத் தோளில் தாங்கி இறக்கினான். வந்த காரை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அண்ணன் கண் திறந்தார். நாக்கு குழறியது.

“ஷீலா... வாந்தி நின்னுச்சா?”

அதற்குள் வந்து சேர்ந்திருந்த அவர் மனைவி மேரி அக்காவின் எதிரிலேயே நான் அழுதுவிட்டேன்.

அண்ணன் இப்போது பஸ் ஓட்டுவதில்லை. டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பஸ்ஸர் அடித்தால் மிஷினைச் சந்தேகப்படுவதற்கு முன் டிரைவரின் முகத்தைப் பாருங்கள். நாம் பராமரிப்பது அவரைத்தான்.