தாய்மாமன் சீராக வந்த கம்ப்ரசர்

எனக்கு வேண்டியிருந்தது சின்னது. ஒரு ஆள் தூக்குகிற மாதிரி டேங்கு, வீட்டுக் கரண்டில் ஓடுகிற மோட்டார். அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த பைக் பட்டறையை அதன் ஓனர் மூடி, இடத்தையும் விற்றுவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு முன்னால் ரெண்டு பைக் நிறுத்துகிற இடம் இருந்தது. தகரம் போட்டேன். ஸ்பேனர் எல்லாம் சொந்தமாகவே வைத்திருந்தேன். காற்று மட்டும் இல்லை. காற்று இல்லாத பட்டறையில் ஆள் நிற்காது. டயருக்குக் காற்றடிக்க நிறுத்துகிறவன்தான், அப்படியே பிரேக்கையும் பாருங்கள் என்பான். இந்தப் பட்டறை ஓடினால்தான் வீடு ஓடும் என்று இருந்தது.

மேல வெளி வீதிப் பக்கம் கடை கடையாகப் போனேன். அட்டையில் போட்டிருப்பதைப் படித்து வாங்குகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஓடவிடச் சொல்லி டேங்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறினால் வேண்டாம். அது ஓடும்போது கடைக்காரர் பேசுவது காதில் விழுந்தால் சரி. அப்படி ஒன்று கிடைத்தது. நீலக் கலர்.

"வீட்டுல வைக்கவாண்ணே? அப்ப இதுதான். சிங்கிள் பேஸ்ல ஓடும். பெருசுக்கு ஆசைப்பட்டுறாதீங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரி அதை உசிலம்பட்டிக்குப் போனில் சொன்னாள். அவளுடைய அண்ணன் அங்கே தோட்டம், மாடு என்று இருக்கிறவர். எங்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்த நேரம். "மாப்ளய வாங்க வேணாம்னு சொல்லு. அத நான் பாத்துக்கிறேன்" என்றாராம். தாய்மாமன் அப்படிச் சொன்ன பிறகு எது, எம்புட்டுப் பெரியது என்று கேட்க முடியாது. சீருக்குப் பேரம் பேசின மாதிரி ஆகிவிடும்.

காதுகுத்து அன்று மண்டபத்து வாசலில் வெடி போட்டார்கள். பெண்கள் வரிசையாகத் தட்டுத் தூக்கி வந்தார்கள். பின்னால் கொம்பில் பூச் சுற்றின கிடா. அதற்கும் பின்னால் ஒரு குட்டியானை வண்டி. வண்டி நீளத்துக்குச் சிவப்புக் கம்ப்ரசர் ஒன்று படுத்திருந்தது. ரோஜா மாலை, சந்தனம், குங்குமம். டேங்கில் மஞ்சள் பெயிண்டில் 'தாய்மாமன் சீர்' என்று எழுதி, கீழே ஊர்ப்பேரும் போட்டிருந்தது. கொட்டுக்காரர்கள் அதைச் சுற்றி நின்று அடித்தார்கள்.

நான் மோட்டாரைத்தான் பார்த்தேன். மூணு பேஸ். வீட்டுக் கரண்டில் ஓடாது.

மச்சானைக் குறை சொல்ல வழியில்லை. அவர் பார்த்ததெல்லாம் கிணற்று மோட்டார். தோட்டத்து லைனே மூணு பேஸ்தான். மோட்டார் என்றாலே அதுதான் அவருக்கு.

"எப்படி மாப்ள? லாரிக்கே காத்தடிக்கலாம்."

"நல்லாருக்கு மச்சான்."

"ஊரே பாக்குது, ஒரு சிரிப்புச் சிரிக்கிறாரா பாரு. இந்த ஆளுக்கா எந்தங்கச்சியக் குடுத்தோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அது அப்படிப் பூரித்து இருந்ததில்லை.

எங்கள் தெருவில் சிங்கிள் பேஸ்தான். கரண்டு ஆபீசில் கேட்டேன். கம்பியெல்லாம் மாற்ற வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன், அதோடு சரி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக்கைக் கூட்டி வந்து, சிங்கிள் பேஸ் மோட்டாராக மாற்றலாமா என்று கேட்டேன். "சின்ன மோட்டாரு இம்புட்டுப் பெரிய கம்ப்ரசர் தலைய இழுக்காதுண்ணே. பெருசு போட்டா ஒங்க வீட்டு வயரு தாங்காது" என்றார். வாங்கின கடையில் விசாரித்தேன். பேர் எழுதினதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

விசாரித்தது வீட்டில் தெரிந்துவிட்டது.

"எங்கண்ணன் சீரத் திருப்பிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போக?"

அவள் கேட்டது சரிதான். அப்படியென்றால் சின்னது ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைக்கவா என்றேன்.

"அது இதவிடக் கேவலம்."

அதுவும் சரிதான்.

கால் பம்பு வாங்கினேன். போகிற வருகிறவர்கள் சிவப்பு டேங்கைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். நான் பம்பை எடுத்து மிதிப்பேன். "இம்புட்டுப் பெருச நிப்பாட்டிட்டு மிதிக்கிறீங்களேண்ணே. அது என்ன, கும்புடுறதுக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். சந்தனப் பொட்டு அப்போதும் அதில் இருந்தது. அவன் மறுபடி வரவில்லை. அவனை மாதிரி நிறையப் பேர் வரவில்லை. முட்டியும் வலிக்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பைக்கில் வந்தார். பின் டயர் நசுங்கி இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டார்.

"ஓட விடுங்க மாப்ள. சத்தத்தக் கேப்போம்."

"கரண்டு இல்ல மச்சான்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். தகரத்துக்குக் கீழே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். பிறகு கம்ப்ரசரைப் பார்த்தார். அதன் வயரை எங்கேயும் சொருகாமல் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன். மூணு கம்பியும் வெளியே தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வை அங்கேயிருந்து தெருக் கம்பத்துக்குப் போனது. அதில் ரெண்டே கம்பி. உள்ளே காபி ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆமா, கரண்டு இல்ல" என்றார் மச்சான், உள்ளே கேட்கிற மாதிரி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயர் பக்கத்தில் குத்தவைத்தார். கால் பம்பின் குழாயை எடுத்துச் சொருகி அவரே பிடித்துக்கொண்டார்.

நான் மிதித்தேன்.