தோல் சீட்டுக்கு ஆறு மாதம்

இடது காலைத் தரையில் ஊன்றினான். தரை வந்துவிட்டதா என்று கால் சொல்லவில்லை. குனிந்து பார்த்தான். செருப்பு தரையில்தான் இருந்தது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல நின்றான்.

பல் கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து வரவேற்பு மேஜைப் பெண் கையசைத்தாள். பதிலுக்கு அசைக்க ஒரு கையை எடுத்தான். சைக்கிள் சாய்ந்தது. மறுபடி பிடித்துக்கொண்டான். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். போன மாதம் இருபது எண்ணுவதற்குள் கால் திரும்பி வந்துவிடும். இன்று முப்பத்தெட்டில்தான் குதிகாலில் ஊசி குத்துவது போல ஒன்று கிளம்பி முழங்காலுக்கு ஏறியது. ஊசி குத்தினால் நல்லது. ஸ்டாண்டு போட்டான்.

"என்ன பல்லண்ணே, சைக்கிளோட அவ்வளவு நேரம் என்ன பேச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"காத்து கம்மியோன்னு பாத்தேன்மா."

"சீக்கிரம் குடுங்க. உள்ள ஒரு பெரியவர் வாயைப் பொத்திட்டு உக்காந்திருக்கார். நாளைக்கு போட்டோ எடுக்கணுமாம். சிரிக்கணுமாம்."

கேரியரில் கட்டியிருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்கு நடுவிலிருந்த கீழ்ப்பல் செட்டை எடுத்துக் கொடுத்தான்.

பல் கட்டும் லேபில் அவனுக்குப் பதினெட்டு வருட வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சுகளை லேபுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே செய்து முடித்த பல் செட்டுகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு கிளினிக், முப்பது கிலோமீட்டர். முதலாளி ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாமென்றான். சைக்கிளில் போனால் பள்ளம் வருவது முன்னாலேயே உடம்புக்குத் தெரியும், இடுப்பைத் தூக்கிக்கொள்ளலாம் என்பான். பதினெட்டு வருடத்தில் ஒரு பல்கூட உடைந்ததில்லை. அதனால்தான் பல்லண்ணன். அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வராது.

சைக்கிளில் இருந்தது பன்னிரண்டு வருடத்துத் தோல் சீட்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள், சீட்டுக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் உறையைப் பல் பெட்டிக்குப் போட்டான். பெட்டி பிழைத்தது. சீட்டு நாள் முழுக்க நனைந்தது. காய்ந்தபோது நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கிப்போயிருந்தது. தோலை இழுத்துப் பிடிக்க முன்னால் இருக்கிற மரையை முடிந்தவரை முறுக்கியும் நிமிரவில்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

முதலில் மழை. பிறகு சீட்டு. பிறகு கால். இந்த வரிசையைத் தினமும் பலமுறை தனக்குச் சொல்லிக்கொண்டான்.

ஏனென்றால் இன்னொரு வரிசையும் அவனுக்குத் தெரியும். அவனுடைய அண்ணன் தையல்காரர். அவருக்கும் இடது காலில்தான் ஆரம்பித்தது. நாள் பூராவும் மெஷின் மிதிக்கிறோம், ஸ்டூல் உயரம் சரியில்லை என்றார். ஸ்டூலை மாற்றினார். இப்போது ஆறு வருடமாக உள்ளறைக் கட்டிலில் இருக்கிறார். அண்ணி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறாள். இது ரத்த உறவில் வரக்கூடியது, தம்பியையும் ஒருமுறை கூட்டிவாருங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார். அவன் போகவில்லை. போக நேரமில்லை என்றான்.

கால் மரத்துப்போவதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டு தொங்கிவிட்டது, இவர் உட்காரக் கஷ்டப்படுகிறார் என்பதுதான். நகலெடுக்கும் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் அவள்.

"நான் நின்னு சாகுறேன், நீங்க உக்காந்து சாகுறீங்க. அந்தச் சீட்டை மாத்தித் தொலைங்களேன்" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்க்கலாம் என்பான். மாற்றிவிட்டால், அதற்குப் பிறகும் கால் மரத்துப்போனால், சீட்டின் மேல் பழி போட முடியாது. தொங்கிப்போன அந்தத் தோல் இருக்கிறவரை அவனுக்கு நோய் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் சைக்கிள் கடைக்குப் போனான். முப்பத்தெட்டு அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"வாங்க. இது மூணாவது தடவை" என்றார் கடைக்காரர். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினார். "சீட்டு வாங்கப் போறீங்களா, இல்ல சீட்டைப் பத்திப் பரீட்சை எழுதப் போறீங்களா?"

"இன்னொரு வாட்டி சொல்லுங்களேன். ரெக்சினா, தோலா?"

கடைக்காரர் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தார். ரெக்சின் சீட்டு அகலமாக, பளபளப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் பஞ்சு உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. தோல் சீட்டு குறுகல். தட்டினால் பலகையைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. ஓரத்தில் செம்பு ஆணிகள்.

"ரெக்சின் உக்காந்த உடனே சொகுசு. வேர்க்கும். ரெண்டு வருஷத்துல பஞ்சு செத்துப்போகும், தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம். ஒத்துக்குதா இல்லையான்னு நாளைக்கே தெரிஞ்சிடும்."

"தோலு?"

"தோலு முதல்ல உங்களைப் போட்டு அடிக்கும். ஆறு மாசம். அப்புறம் உங்க எலும்பு ரெண்டும் எங்க உக்காருதோ அங்க குழி விழுந்து, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி ஆயிடும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டணும். உங்ககிட்டதான் பெட்டி நிறைய இருக்கே."

அவன் சிரிக்கவில்லை. "அந்த ஆறு மாசத்துல கால் மரத்துப்போனா?"

"போகும், வரும். தோல் பழகுற வரைக்கும் எதையும் சொல்ல முடியாது." கடைக்காரர் தோல் சீட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எந்தப் பக்கம் மரத்துப்போகுது?"

"ரெண்டு பக்கமும்."

"அப்போ சீட்டுதான். சந்தேகமே இல்ல. ஒரே பக்கம்னாதான் யோசிக்கணும். அது என் கடைக்கு வர்ற கேஸ் இல்ல." அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல வச்சுப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க" என்றார்.

லேபில் மெழுகில் பல் அடுக்குகிற பெண், மேஜை மேல் இரண்டு சீட்டையும் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்கு எதையும் அளந்து பார்த்தாக வேண்டும்.

"இதை ஏன் கடைக்காரர்கிட்டக் கேக்குறீங்க? நாம வாய்க்குப் பல்லு எப்படிப் பொருத்துறோம்? அச்செடுத்துத்தானே?"

"விளையாடாதம்மா."

"விளையாட்டே இல்ல. எத்தனையோ வாயைப் பாத்தாச்சு. இதையும் பாத்துருவோம்."

பிளாஸ்டர் கலக்குகிறவரும் பல்லைத் தேய்த்து மெருகேற்றுகிறவரும் சிரித்தார்கள். அவள் ரோஸ் நிற மெழுகுத் தகடுகளில் ஐந்தை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டூல் மேல் பரப்பினாள். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

"உக்காருங்கண்ணே. நேரா. ராஜா மாதிரி."

உட்கார்ந்தான். வெதுவெதுப்பு வலது பக்கம் உடனே தெரிந்தது. இடது பக்கம் கொஞ்சம் தாமதித்துத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டான். அவள் நூறு எண்ணச் சொன்னாள். எண்ணுவது அவனுக்குப் பழகியிருந்தது.

எழுந்ததும் அவள் மெழுகின் மேல் குனிந்தாள். இரண்டு குழிகள் இருந்தன. மெல்லிய கம்பியை இரண்டிலும் விட்டுப் பார்த்தாள். மறுபடி விட்டுப் பார்த்தாள்.

"வலதுல மூணு மில்லி ஆழம். இடதுல ஆறு."

"ஸ்டூல் ஆடுது" என்றான்.

அவள் ஸ்டூலை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. "சிலர் ஒரே பக்கமா மெல்லுவாங்க இல்ல, அந்த மாதிரி இருக்கு. வலிக்கிற பக்கத்தை விட்டுட்டு வலிக்காத பக்கத்துல மெல்லுவாங்க. அந்தப் பக்கப் பல்லுதான் தேஞ்சிருக்கும். உங்களுக்கு வலது பக்கம் வலிக்குதா?"

"ஆமா."

வலது பக்கம் வலிக்கவில்லை. எந்தப் பக்கமும் வலிக்கவில்லை.

"அப்போ சரி. அதான் இடதுல பாரத்தைப் போடுறீங்க" என்று அவள் நிம்மதியாக இருக்கைக்குத் திரும்பினாள். மெழுகை அவனே மடித்து, வீணாகிற மெழுகை உருக்குகிற சட்டியில் போட்டான். இரண்டு குழியும் மடிப்பில் மறைந்தன. உருகி முடிகிறவரை பக்கத்தில் நின்றான்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இரண்டு சீட்டும் பெட்டியில் கிடந்தன. வாசலில் இறங்கினான். எண்ணினான். நாற்பத்தொன்று.

அண்ணி கதவைத் திறந்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். உள்ளறையில் தையல் மெஷின் மூடி போட்டு ஓரமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அதன் மேல் மாத்திரைகள், தண்ணீர், ரேடியோ. அவர் மாற்றிய மூன்று ஸ்டூல்களில் அது கடைசி.

"உக்காரு" என்றார் அண்ணன்.

"இருக்கட்டும்ணா. நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன்."

அண்ணன் கூரையைப் பார்த்தபடி பேசினார். அவருக்குக் கழுத்தைத் திருப்பினால் தலை சுற்றும். "முன்னெல்லாம் உன் சைக்கிள் நிக்குற சத்தம் கேட்டா உடனே ஸ்டாண்டு போடுற சத்தம் கேக்கும்."

அவன் ஸ்டூலின் ஓரத்திலிருந்த ரேடியோவை உள்ளே நகர்த்தி வைத்தான்.

"இப்போ நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எனக்கு வேற வேலை இல்லையா, அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன். நாலு மாசமா நீண்டுக்கிட்டே போகுது."

"சீட்டு சரியில்லண்ணா. மழையில தொங்கிப்போச்சு. புதுசு வாங்கியிருக்கேன். வெளிய பெட்டியில இருக்கு."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்றது. "நான் மூணு ஸ்டூல் மாத்தினேன். உங்க அண்ணி கேட்டா எந்த ஸ்டூல் எந்தக் கடைன்னு சொல்லுவா. உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். முதல் ஸ்டூலை மாத்தின அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்த ரெண்டும் சும்மா. ஒண்ணரை வருஷம் அதுலயே ஓட்டிட்டேன்."

"எனக்கு அது இல்லண்ணா."

"இல்லாம இருக்கட்டும்டா. இருக்கான்னு பாரு. நான் சீக்கிரம் போயிருந்தா கை வரைக்கும் வந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னார்." ஒரு காலத்தில் ஊசியில் நூல் கோத்த கைகள் போர்வை மேல் அசையாமல் கிடந்தன.

வீட்டு வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே பழைய சீட்டைக் கழற்றினான். படியில் இரண்டு புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரெக்சினை மாட்டினால் நாளைக்கே தெரிந்துவிடும். தோலை மாட்டினால் ஆறு மாதம் எதையும் சொல்ல முடியாது. ரெக்சினை எடுத்தான். மெத்தென்றிருந்தது. உள்ளங்கை வேர்த்தது. திரும்ப வைத்தான்.

மனைவி கதவோரம் வந்து நின்றாள். "அப்பாடா, ஒருவழியா. என்னங்க, அந்தக் கட்டையையா மாட்டுறீங்க? இவ்வளவு மெத்துனு ஒண்ணு இருக்கும்போது?"

"பழகிட்டா இதுதான் நல்லதாம்."

"எப்போ பழகும்?"

"ஆறு மாசம்" என்றான். அவன் குரலில் இருந்த உற்சாகம் அவளுக்குப் புரியவில்லை. உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். கிளாம்பின் நட்டை இறுக்கினான். இரண்டு தடவை இறுக்கினான்.

மறுநாள் ரெக்சின் சீட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தான். எட்டு கிளினிக்கில் நான்கு மத்தியானத்துக்கு முன்னால், நான்கு பின்னால். இரண்டாவது கிளினிக்கில் வலது பக்கம் வலிக்க ஆரம்பித்தது. கடைக்காரர் சொன்ன மாதிரியே அடித்தது. இடது பக்கமும் வலிக்கும் என்று காத்திருந்தான். ஐந்தாவது கிளினிக்கில் வலது பக்கம் உட்கார முடியாமல் பெடல் மேல் நின்று ஓட்டினான். ஏழாவதில் இறங்கி, வரவேற்பில் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய், துணியை விலக்கி, உட்காருகிற இடத்தைக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கன்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினான். வலது பக்கம் உயிர் போயிற்று. இடது பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினான். பெட்டியில் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டிய ஒரு செட் இருந்தது. கொடுத்தான். லேபுக்கு வந்து முதலாளியிடம் வியாழக்கிழமை லீவு கேட்டான். எதற்கு என்று கேட்டார். டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும் என்றான். அரை நாள் போதுமா என்றார். தெரியவில்லை என்றான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மனைவி வேலை செய்கிற நகலெடுக்கும் கடை வரை நடந்து போனான்.