வேடியப்பன் அவிழ்த்துவிட்ட சிறுத்தை

ஆரணியில் வேடியப்பனின் குரலைத் தெரியாதவர் கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஜவுளித் தள்ளுபடி, மஞ்சள் நீராட்டு, மாநாடு, மரண அறிவிப்பு என்று இருபது வருஷமாகக் கத்துகிறவர். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். எல்லாக் கட்சிக்கும் குரல் கொடுப்பார். ஓட்டு மட்டும் மனைவி சிவசங்கரி சொல்கிற சின்னத்துக்கு.

அவர் தெருவில் பதினொரு நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது. திங்கட்கிழமை காலை காலிக் குடத்தோடு கவுன்சிலர் வீட்டு வாசலில் உட்காருவதென்று சிவசங்கரி தலைமையில் பெண்கள் முடிவெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே கவுன்சிலர் ஜீவானந்தம் வேடியப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆத்தோரம் சிறுத்தை சுத்திகினு கீதாம். யாரும் வெளிய வரக்கூடாதுன்னு நல்லா பயமா சொல்லு."

"பார்த்தது யாருங்க?"

"டிவில வரும், பாரு."

வந்தது. புதரில் ஒரு நிழல், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பின்னால் தடதடவென்று இசை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அரள வைக்கவும் நாலு பேர் மெனக்கெட வேண்டியிருக்கிறதே! வேடியப்பனும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். கடைசியில் ஒரு உறுமல் வேறு, இலவசமாக.

திங்கட்கிழமை தெருவில் ஈ காக்காய் இல்லை. தண்ணீர் கேட்க வேண்டிய தெரு கதவைச் சாத்திக்கொண்டது. சிவசங்கரி மட்டும் குடத்தோடு நின்றாள்.

"யாரை ஏமாத்துற? அந்த உறுமல் உன் கொறட்டைதானய்யா!" என்று சொல்லிவிட்டு, தனியாகவே கவுன்சிலர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வேடியப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கை எடுத்து, "அன்பார்ந்த பொதுமக்களே! சிறுத்தை இல்லை, இல்லவே இல்லை!" என்றார்.

திறந்திருந்த ஓரிரு ஜன்னல்களும் சாத்திக்கொண்டன.

"நேத்து கீதுன்னாரு, இன்னிக்கு இல்லன்றாரு. யாரோ வாயை அடைச்சிட்டாங்க. ரெண்டா வந்திருக்கும்," என்றாள் எதிர்வீட்டுக் கன்னியம்மாள், தாழ்ப்பாளுக்குப் பின்னாலிருந்து.

அதற்குள் சிவசங்கரி ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினாள். "கவுன்சிலர் ஊட்டுத் தொட்டில லாரித் தண்ணி ரொப்பிகினு கீறாங்க! என் கண்ணால பார்த்தேன். ஜல்தி வாங்க!"

கதவுகள் படபடவென்று திறந்தன. தெரு முழுக்கக் குடங்கள், கவுன்சிலர் வீட்டை நோக்கி. கவுன்சிலர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தார்.

"ஐயோ, சிறுத்தை வரும்மா! எல்லாரும் ஊட்டுக்குப் போங்க!"

கன்னியம்மாள் லாரிக் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தாள்.

"வரட்டுங்க. வந்தா அதுவும் வரிசையில நிக்கட்டும்."