போரிங் மிஷினும் சாம்பல் குதிரையும்

நான் வீடியோ கேம் விளையாடுகிறவன் என்பது என் நாற்பத்தொரு வயது வரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. குடிக்கிறவன்கூடச் சனிக்கிழமை சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். நான் மட்டும் "வீட்டுல அப்பா தனியா இருப்பார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அது பொய்யும் இல்லை. தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில், ரிப்போர்ட் தயாரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. ஆறு மணிக்கு முடியும். காவேரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கும் எனக்கும் காபி போட்டு முடித்தால் ஏழு ஆகிவிடும். ஏழிலிருந்து ஒன்பது வரை விளையாடுவேன்.

அம்மா போன பிறகு, திருவெறும்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா என்னோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எங்கள் கட்டடத்து லிஃப்ட் தனக்கு மனம் வந்தால் ஓடும். அதனால் அவர் கீழே இறங்குவது டாக்டரைப் பார்க்க மட்டும்தான். பெருமாளைக்கூடப் பால்கனியில் நின்று, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவர் போரிங் மிஷின் ஆபரேட்டராக இருந்தவர். ஆள் உயர இரும்பு வார்ப்பில் இருக்கும் துளையை, சொன்ன அளவுக்கு, முடியளவுகூடப் பிசகாமல் பெரிதாக்குவதுதான் போரிங். அதில் கத்தி நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. ஒரு வேலை இரண்டு ஷிஃப்ட் ஓடும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிடும் ஆள், அவர்கள் பாஷையில் ரிலீவர், வந்து மிஷின் பக்கத்தில் நின்றால்தான் நகரலாம். ஒருமுறை ரிலீவர் வரவில்லை என்று இரண்டு ஷிஃப்ட்டும் நின்றுவிட்டு மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் என் பிறந்தநாள். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நானும் அக்காவும் சின்ன வயதில் "போர் அடிக்குதுப்பா" என்று சிணுங்கினால், "நான் காலையிலேர்ந்து அதைத்தான் அடிச்சுட்டு வரேன்" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அது. ஒவ்வொரு தடவையும் சிரித்தோம்.

ஹாலில் டி.வி.க்கு எதிரே தரையில் என் இடம். எனக்குப் பின்னால் ஒயர் பின்னிய நாற்காலி, அது அப்பாவுடையது. ஏழு மணிக்கு நான் உட்கார்ந்ததும் அவரும் வந்து உட்கார்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவ்வப்போது தொண்டையைச் செருமுவார், இல்லையென்றால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" எனக்கு முழுப் பிரசங்கமாகக் கேட்கும். உனக்கு இந்த வயசில் இது தேவையா, உன் வயசில் நான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், இப்படியே போகும் அந்தப் பிரசங்கம். கல்யாணம் ஆகாத என் வாழ்க்கைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார் என்று எரிச்சலாக வரும். ஒரு ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த "ம்"மும் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் தொடங்கிய கேமில், போரில் தோற்ற ஒரு வீரன் சாம்பல் நிறக் குதிரையில் காடு மலையெல்லாம் தாண்டி ஊருக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் கதை. எட்டு மாதமாக அவனை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அவன் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தான். பாலம் உடைந்து கிடந்தது. அதைக் கட்ட இருபது மரத்துண்டு பொறுக்கிக்கொண்டு வா என்றது கேம். ஏழு பொறுக்கினேன். எட்டாவதைக் குனிந்து எடுக்கும்போது, இதை எதற்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கோபமில்லை, வெறுப்பில்லை. ஜுரத்தில் நாக்கு செத்துப்போகிற மாதிரி எதுவோ போய்விட்டது. குதிரையை ஆற்றங்கரை மரத்தில் கட்டிவிட்டு அணைத்தேன். மறுநாள் வேறு இரண்டு கேம் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு லாஃப்ட்டில் ஏற்றினேன்.

அதற்குப் பிறகுதான் மாலை என்பது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. இருபது வருஷமாக நான் அதைப் பார்த்ததே இல்லை. முதலில் நடந்தேன். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திர வீதி என்று நாலு பக்கமும் வேகமாக நடப்பேன். என்னைப் போலவே நடக்கிறவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஆனால் என்னை முந்திக்கொண்டு போனார்கள். அது விட்டுப்போயிற்று. சமைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வத்தக்குழம்பில் இறங்கினேன். அப்பா சாப்பிட்டுவிட்டு மோர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். தில்லை நகர் ஜிம்மில் சேர்ந்து ஒன்பது நாள் போனேன். கடைசியில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனேன். வராத எல்லோரையும் விட்டுவிட்டு, வந்த ஒருவனான என்னைச் செயலாளராக்கினார்கள். அப்புறம் மாலைதோறும் கீழே நின்று போர் மோட்டாரை யார் போட்டது, யார் அணைக்க மறந்தது என்று பஞ்சாயத்து. பொழுது போயிற்று. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. நான் சும்மா இல்லை என்பதை அப்பா பார்க்கட்டும் என்று இருந்தது.

அப்பா அந்த நாட்களில்தான் சாப்பாட்டைக் குறைத்தார். மூன்று இட்லி ஒன்றாயிற்று. பேப்பரைப் பிரிக்காமலேயே மடியில் வைத்திருந்தார். சரியாக ஏழு மணிக்கு ஒயர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஓடாத டி.வி.யைப் பார்த்தபடி இருப்பார். பக்திச் சேனல் போட்டு விட்டுப் போவேன். சங்கத்து வேலை முடிந்து வந்து பார்த்தால் அணைத்திருப்பார். போர் அடிக்குதாப்பா என்று ஒருநாள் கேட்டேன். இல்லையே என்றார். பழைய ஜோக்கைச் சொல்லவில்லை.

சென்னையில் இருக்கிற அக்காவிடம் போனில் சொன்னேன். மறதி ஆரம்பித்திருக்கிறதோ என்று அவள் பயந்தாள். டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டால் தாமதிக்காமல் அவரைச் சென்னைக்குத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. "இந்த ஊரைத் தாண்டி எனக்குத் தூக்கம் வராது" என்று முன்னாடியே சொல்லியிருக்கிறார். எனக்கும் அவரை அனுப்ப மனசில்லை. ஆனால் காட்டாமல் இருக்க முடியுமா? தில்லை நகரில் முதியவர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அவர் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு ஆள் அனுப்புகிறவர். வாரத்தில் மூன்று நாள் அவர் அறைக்கு ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு போவது நான்தான்.

நாடி, ரத்த அழுத்தம், முழங்கால் எல்லாம் பார்த்து முடித்தார். ஒன்றும் பெரிதாக இல்லை. பேனாவை மூடிக்கொண்டே, "பொழுது எப்படிங்க ஐயா போகுது?" என்று கேட்டார்.

அப்பா சட்டென்று பதில் சொன்னார். "முன்னாடி சாயங்காலமானா குதிரை ஓட்டிட்டு இருந்தோம் சார். இப்ப ஆத்தங்கரையில கட்டிப்போட்டாச்சு. அப்படியே நிக்குது."

டாக்டர் பேனாவைத் திரும்பத் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். ஓட்டிட்டு இருந்தோம் என்கிறார். எட்டு மாதமும் அவர் எனக்குக் காவல் இருக்கவில்லை, என்னோடு வந்துகொண்டிருந்தார் என்பது அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. கத்தி நகர்வதை எட்டு மணி நேரம் நின்று பார்த்த மனுஷனுக்கு இரண்டு மணி நேரக் குதிரை எம்மாத்திரம். "டாக்டர், அது வீடியோ கேம், நான் விளையாடறது" என்று ஒரு வாக்கியம் போதும். என் வாயில் வரவில்லை. நாளைக்கு அதே அறைக்கு ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு வர வேண்டும். நாற்பத்தொரு வயது ஆள் கேம் விளையாடுகிறான் என்று அவர் சிரிப்பாரே என்றுதான் நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன் என்று எழுத இப்போதும் கூசுகிறது.

டாக்டர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, இன்றைக்கு என்ன கிழமை என்று அப்பாவைக் கேட்டார். எந்த மாதம், எந்த ஊர், இது எத்தனையாவது மாடி என்று கேட்டார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது என்று, மிஷினில் அளவு படிக்கிற மாதிரி, நிதானமாக. கடைசியில் அவர் காது மடல் சிவந்திருந்தது. மூன்று வாரம் கழித்து வரச் சொல்லி, தலைக்கு ஒரு ஸ்கேனும் எழுதினார். எங்கள் சென்டரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னார்.

ஆட்டோவில் பாலம் தாண்டும்வரை அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு படியாக மூன்று மாடி ஏறினோம். என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே பெட்டியை லாஃப்ட்டிலிருந்து இறக்கினேன். ஏழு மணிக்குக் கேமைப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. குதிரை கட்டின இடத்திலேயே நின்றது. அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் மட்டும் மரத்துண்டு பொறுக்கினேன், ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கொட்டாவி வந்தது.

நாலாவது நாள் பின்னால் ஒயர் நாற்காலி கிரீச்சிட்டது. நான் திரும்பவில்லை. குதிரையைக் காட்டுக்குள் விட்டேன். குளம்புச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது.

"இதுக்குச் சத்தம் வேற உண்டா?" என்றார் அப்பா.

உண்டு என்றேன். அவர் தன் பாட்டுக்குச் சொல்வது போல, "அன்னிக்கு டாக்டர்கிட்ட, குதிரை இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்புதான்ப்பா என்றேன். "அந்தப் பக்கம் மரம் கெடைக்காது. எடது கைப் பக்கம் இடிஞ்ச மண்டபம் ஒண்ணு வரும், அதுக்குப் பின்னால குவிஞ்சு கெடக்கு. போன தடவை செருமினேன், நீ காதை மூடிக்கிட்டிருந்தே" என்றார். போனேன். ஒன்பது துண்டு ஒரே இடத்தில் கிடந்தது. அன்றைக்கே பாலம் ஏறி அக்கரைக்குப் போய்விட்டோம். ராத்திரி சாப்பாட்டில் இன்னொரு இட்லி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் தினமும் ஓட்டினோம். சங்கத்துச் செயலாளர் பதவியை விட்டேன், போர் மோட்டாரை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கேமில் எனக்குப் போன ருசி திரும்பவே இல்லை. அதை நான் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. கொட்டாவி வந்தால் வாயை மூடி விழுங்கினேன். சண்டை வந்தால் ஆர்வமாக முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். நன்றாகவே நடித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மறுபடி அதே அறை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். "டாக்டர், அந்தக் குதிரை உண்மைதான். வீடியோ கேம். நான்தான் விளையாடறேன். அப்பா வழி சொல்றார். அன்னிக்கே சொல்லியிருக்கணும், வெக்கப்பட்டுட்டு இருந்துட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். நான் பயந்தது போலவே சிரிக்கத்தான் செய்தார், ஆனால் அதில் கேலி ஒன்றும் இல்லை. மூளை நன்றாக இருக்கிறது, மறதியும் இல்லை, ஊரைவிட்டு எங்கும் அனுப்ப வேண்டாம் என்றார். அப்பா நாற்காலியின் கையை விட்டார். அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "பையன் இந்த வயசிலயும் ஆசையா விளையாடறாரே" என்று டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார்.

"எங்க சார்" என்றார் அப்பா. "அவனுக்கு அது போர் அடிச்சு மாசக் கணக்காச்சு. ரிலீவர் இல்லைன்னு எனக்காக நிக்கிறான்."

மேஜையில் கிடந்த ஸ்கேன் படத்தை எடுத்துக் கவரில் போட்டேன். ஒரு தடவையில் உள்ளே போகவில்லை.