தாய்லாந்தில் இருந்து வந்த கொட்டியாரக் குடா நெத்தலி

என் இணையக் கடைக்குக் கருவாடு தேடி இன்று சந்தைக்குப் போனேன். கனடாவில் இருக்கிற எங்கள் சனம் கேட்பது எங்கள் ஊர்க் கடலான கொட்டியாரக் குடாவின் நெத்தலி. அதைத் தவிர வேறொன்றும் விற்கமாட்டேன் என்று கடை முகப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

மொத்த வியாபாரி ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"போன கிழமை எங்கட குடாவில பிடிச்சது, ஐயா."

"இந்த மாதம் முழுக்க நேவி ஒரு வள்ளத்தையும் இறக்க விடேல்லை. நெத்தலி தானா நடந்து வந்ததோ?"

அவருக்குக் கூச்சமே இல்லை. பின்னால் தாய்லாந்துப் பெட்டி வாய் திறந்தபடி கிடந்தது.

"கனடாவில ஆர் கண்டுபிடிக்கப் போகினம்? கடற்கரையில பரப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. பிறகு அது கொட்டியாரக் குடாதான்."

இந்த ஊர்க் கடற்கரையில் இப்போது கமராவைத் தூக்கினால் நேவி பிடித்துக்கொண்டு போகும் என்று தெரியாத மனிதர் கடல்மீன் விற்கிறார்.

வெறுங்கையோடு வந்து, எனக்குக் கிடைத்த முதல் ஓடரை ரத்துச் செய்தேன். முகப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "கடல் பூட்டிக் கிடக்கிறது. நெத்தலி இல்லை."

அவரிடம் வாங்கி இணையத்தில் விற்கிறவர்கள் இதை வாசித்தால், படத்தை எந்தக் கடற்கரையில் எடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.