வேலாயிக்குக் கை தேறிய கதை

நல்லமுத்துவை நல்ல மனுசன் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் தலவாக்கலைப் பக்கம் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் அவனுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்ததில்லை. நான் இருந்தேன். லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் உப்பு இல்லை என்று முணுமுணுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து உப்பு வரும். வேலாயிக்கு நடந்ததில் பாதி எனக்குக் காது வழியாகத்தான் தெரியும்.

வேலாயி அவன் பெண்சாதி. இலங்கை சர்க்கார் எங்கள் பிரஜாவுரிமையைப் பிடுங்கிக்கொண்ட வருசம் கல்யாணமாகி, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். தேயிலைக் கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. நல்லமுத்து வீட்டில் தோல் வேலை அப்பன் காலத்திலிருந்து உண்டு. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையில் வேலை முடித்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் தோல் அறுப்பான். கங்காணிக்கு, லொறி டிரைவருக்கு, ஸ்டோர் ஆட்களுக்கு என்று பெல்ட் போகும்.

அறுப்பது அவன், தைப்பது அவள். காம்பராவுக்குள் முழுத்தோலை விரிக்க இடம் ஏது? லயத்துக்குப் பின்னால் பலகை போட்டு அங்கேயே வார் வாராக அறுத்து, சுருட்டி உள்ளே கொண்டுவருவான். அவள் இரண்டு வாரை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு பூசிய நூலை இரண்டு ஊசியில் கோத்து எதிரும் புதிருமாக இழுத்துத் தைப்பாள். வாராகத்தான் அவள் பார்த்திருக்கிறாள். தோலை முழுசாக விரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் வேலை செய்கிற வீடு என்று, லயத்துக்கே தண்ணீர் கொட்டுகிற பீலியில் அவளுக்குக் கடைசி முறைதான். குடத்தை ஓரமாக வைத்துவிட்டு நிற்பாள். எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போன பிறகு பிடிப்பாள். ஓரமாக நில் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கிற அநியாயம்தான் எங்களிடம் அதிகம்.

அந்தப் பீலியில் அவளை முன்னால் கொண்டுவந்தது ஒரு பெல்ட். கொழுந்துக்குப் போகிற பெண்கள் செடி குத்தாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டுவோம். மழையில் சாக்கு நனைந்து கனத்தால் கயிறு இடுப்பை அறுத்துவிடும். வேலாயி ஒரு நாள் கயிற்றுக்குப் பதிலாக அகலமான தோல் பெல்ட் ஒன்றைத் தனக்கே தைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் சிரித்தோம். துரைச்சாணி வந்துட்டாங்க என்று அழகம்மா கும்பிடு போட்டாள். அழகம்மா எங்கள் மலையில் வாய்க்காரி. அவள் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள், அவள் வாங்கினால் எல்லோரும் வாங்குவார்கள். அவள் முதல் பெல்ட்டை வாங்கினாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் மலையில் பாதிப் பேர் இடுப்பில் வேலாயியின் பெல்ட்.

பிறகு பீலியில் குடம் தானாக நகர்ந்தது. "இந்தா வேலாயி, நீ புடிச்சுட்டுப் போ. வீட்ல தைக்கிற வேல கெடக்கும்ல" என்று அழகம்மாவே சொன்னாள். வேலாயி அன்றைக்குக் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அவளுக்கு வேறு சொத்து இல்லை. பிள்ளை இல்லை, நகை இல்லை. பீலியில் கிடைத்த அந்த இடம்தான் இருந்தது.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலத்தில் நல்லமுத்துவின் தம்பி சிவசாமி தலவாக்கலைக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை போட்டான். பெல்ட், செருப்பு, பை. அண்ணன்காரன் ஞாயிறு தவறாமல் அங்கே போய்விடுவான். அதே சமயத்தில்தான் வேலாயிக்கு வேலை லேசாயிற்று. அதற்குமுன் குத்தூசியை இறக்க உள்ளங்கையில் துணியை மடித்து வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கும். கை வீங்கிப்போகும். இப்போது ஊசி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"ஏங்க, தோலு மெதுவா இருக்காப்புல இருக்குங்களே" என்று அவள் கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

"தோலு அதே தோலுதான் புள்ள. ஒங் கை தேறிப்போச்சு. எங்கப்பனுக்குக்கூட இப்படித் தைக்க வராது."

அந்த வீட்டில் குழம்பு நல்லாயிருக்கு என்று ஒரு சொல் நான் கேட்டதில்லை. மறுநாள் மலையில் வேலாயி என் பக்கத்து நிரைக்கு மாறி வந்து அதைச் சொன்னாள். கொஞ்சம் தள்ளிப் போய், வேறு எதையோ பேசிவிட்டு, மறுபடியும் சொன்னாள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த மழையில் மானம் போயிற்று. புது பெல்ட்டெல்லாம் நனைந்து இழுபட்டு, ஓட்டைகள் வாயைப் பிளந்து, தொளதொளவென்று தொங்கின. படங்கு இடுப்பில் நிற்கவில்லை. புதுசு ஒன்று வாங்கியிருந்த அழகம்மாவுக்குச் சரிவில் இறங்கும்போது படங்கு நழுவிக் காலில் சுற்றிக்கொண்டது. கூடையோடு உருண்டாள். முழங்கால் கிழிந்தது, கொழுந்து மண்ணானது, கங்காணியிடம் ஏச்சும் வாங்கினாள். சாயந்தரம் நொண்டிக்கொண்டே வந்து பெல்ட்டை வேலாயி வாசலில் வீசினாள்.

"தோல் வீட்டுக்காரிய நம்பி இடுப்புல கட்டுனோம் பாரு, எங்களச் சொல்லணும்!"

மறுநாளே பீலியில் வேலாயியின் குடம் ஓரத்துக்குப் போயிற்று.

அவள் தன் தையலைத்தான் சந்தேகப்பட்டாள். வீடு வீடாகப் போய் பெல்ட்டுகளை வாங்கிவந்து, நூலைப் பிரித்து, நெருக்கி நெருக்கி மறுபடி தைத்தாள். மறு மழையில் அவையும் தொங்கின. தோல்தான் பழுது என்று நினைத்து, நல்லமுத்துவுக்குத் தோல் விற்கிற நூர்தீன் நானாவிடம் கேட்டுவிடலாம் என்று ஹட்டனுக்குக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன்.

நூர்தீன் நானா கோபப்படவில்லை. பெல்ட்டை வாங்கி மடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்.

"இது வயித்துத் தோலு தங்கச்சி. இழுத்தா நீளும். இதுல பெல்ட் அறுக்கக்கூடாது. பெல்ட்டுக்கு முதுகுத் தோலுதான். கெட்டியா இருக்கும், ஊசி லேசுல எறங்காது."

"அப்ப முதுகுத் தோலு எங்க நானா?"

"நான் முழுத்தோலாத்தானே குடுக்கிறேன். முதுகு எங்கேன்னு அறுத்தவர்கிட்டக் கேளுங்க."

திரும்பும் வழியில் தலவாக்கலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். சிவசாமி கடை வாசலில் பெல்ட்டுகள் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். துளிகூட நீளவில்லை. "வாங்கண்ணி, டீ குடிக்கிறீங்களா?" என்றான் சிவசாமி. அவள் பெல்ட்டை விட்டுவிட்டு நடந்தாள்.

வீட்டில் அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை; முதுகுத் தோல் எங்கே என்று மட்டும் கேட்டாள். நல்லமுத்துதான் பேசினான்.

"அவன் கட புதுசு. நல்ல சரக்கு இருந்தாத்தான் டவுன் ஆளு வருவான். நம்ம லயத்துச் சனம் எங்க போயிறப்போகுது? கேட்டா நூர்தீன் குடுத்த தோலு சரியில்லன்னு சொல்லிரு."

இதையும் சுவர் தாண்டித்தான் கேட்டேன். அவன் ஏமாற்றியது கடைக்காரனையா, துரையையா? நாள்பூரா மழையில் நிற்கிற எங்களை. போதாததற்கு ஒரு பாவமும் அறியாத மனிதர் தலையில் பழி.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் வேலாயி. "எங் கை தேறிப்போச்சுன்னு சொன்னீங்களே. அது?"

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "சோத்தப் போடு" என்றான்.

மறுநாள் பீலியில் அவள் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னாள். நூர்தீன் நானா மேல் குற்றமில்லை, தோலை மாற்றியது என் வீட்டுக்காரர் என்றாள். யாரும் நம்பவில்லை. புருசன் மேல் பழி போடுகிறாள் என்று முணுமுணுத்தார்கள். நானும் ஹட்டனில் கேட்டதைச் சொன்னேன். நீ அவ கூட்டாளி என்றார்கள். அழகம்மா மட்டும் நேராகக் கேட்டாள்.

"சரி, அவன் அறுத்தான். ஊசி புடிச்சது நீதானே? ஒங் கைக்குத் தெரியலியா?"

வேலாயி தன் கையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதுக்கா. அவரு சொன்னத நம்பிட்டேன்."

அழகம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். வேலாயியின் குடம் ஓரத்தில்தான் இருந்தது.

அதன்பிறகு வேலாயி குத்தூசியைத் தொடவில்லை. நல்லமுத்து வாரைச் சுருட்டி நேராகத் தம்பி கடைக்கே கொண்டுபோனான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் தேவைக்குத்தான்.

ஒரு வருசம் கழித்து, மலையில் அவளுக்குக் கொழுந்து நிறைய விழுந்த ஒரு நாள், என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "ஒங் கைக்கு இந்த மலையில ஈடு கெடையாது வேலாயி."

அவள் எடுப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எதுக்குச் சொல்ற? ஒனக்கு என்ன வேணும்?"