கணக்கு குரூப்புக்கு இன்னும் ஆறு பேர்

முடிச்சூரில் என்னுடைய ஜெராக்ஸ் கடைக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள்தான் திருவிழா. மார்க் ஷீட்டுக்கு நாலு காப்பி, சாதிச் சான்றிதழுக்கு ரெண்டு காப்பி, அப்புறம் பதினோராம் வகுப்பு விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, "அக்கா, நீயே ரொப்பிக் குடுத்துடேன்" என்பார்கள். ரொப்பிக் கொடுப்பேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள்: எந்தப் பிரிவு? "எது ஈஸிக்கா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். "காமர்ஸ் போடும்மா. கணக்கு கஷ்டம்" என்பேன் நான். பத்து வருஷமாக இதைத்தான் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. பத்தாவதில் கணக்கில் ரெண்டு தடவை விழுந்தவள் நான். விழுந்த இடத்தைக் காட்டி "இங்க வராதே, வழுக்கும்" என்று நாலு பேருக்குச் சொல்வது நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் என் மகளும் பத்தாவது முடித்தாள். கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள குரூப்தான் வேண்டும் என்றாள். "கஷ்டம்டி" என்றேன். "உன் மெஷின்ல பெரிய பேப்பர சின்ன பேப்பர்ல எடுக்க எழுபத்தோரு பர்சன்ட்னு அமுக்குறியே, அது எப்படி வந்துதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள். தெரியாது. மெஷின் சொன்னது, நான் அமுக்கினேன். "எனக்குத் தெரியணும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கைக்கு மனு கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு திங்கட்கிழமை தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்டிப்பானவர், ஆனால் பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். "கணக்கு குரூப்புக்கு இதுவரைக்கும் ஒன்பது பேர்தான். உங்க பொண்ணையும் சேர்த்து. பதினஞ்சு பேராவது இல்லேன்னா என்னால அந்த வகுப்ப நடத்த முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் மூடிட்டு, இவங்கள காமர்ஸுக்கு மாத்திடுவேன்" என்றார்.

"ஏன் மேடம், யாருமே கேக்கலயா?"

அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் விசிறி மாதிரி விரித்தார். எல்லாம் காமர்ஸ் விண்ணப்பங்கள். "பசங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டேன், கணக்குல நல்ல மார்க்கு வாங்கியிருக்கியே, ஏன் வேணாங்கறேன்னு. என்ன சொன்னாங்க தெரியுமா? 'கடை அக்கா கஷ்டம்னு சொன்னாங்க மிஸ்.' இது யார் கையெழுத்தும்மா? ரொம்ப அழகா இருக்கு."

என் கையெழுத்து. அடுத்ததும். அதற்கடுத்ததும். வேறு யாராவது எழுதியதாக ஒன்றாவது இருக்காதா என்று கட்டைப் புரட்டிக்கொண்டே போனேன். என் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். வெளியே வந்ததும், "என் வகுப்ப நீயே மூடிட்டம்மா" என்றாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

தாம்பரத்தில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் அந்த குரூப் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. தனியார் பள்ளிக்கூடம் என்பது எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கிடையாது. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் ஆறு பேர். தலைமை ஆசிரியையிடம் திரும்பிப் போய், கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் யார் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கடை ஷட்டரை மத்தியானத்திலேயே இறக்கினேன். மகளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

முதல் வீடு, தெருமுனையில் இட்லி மாவு விற்கிற அக்காவுடையது. பையன் கணக்கில் தொண்ணூற்று மூன்று. நான் ஆரம்பிப்பதற்குள் அவனே சொன்னான்: "ஆன்ட்டி, நீங்கதான வேணான்னீங்க!"

"தப்பா சொல்லிட்டேன்டா."

"அதெப்படி? போன மாசம் கஷ்டம், இந்த மாசம் ஈஸியா?"

"இப்பவும் கஷ்டந்தான். ஆனா உனக்குக் கஷ்டமான்னு நான் உன்ன கேக்கவேயில்லயே."

மாவு அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார். "யம்மா, நீ அன்னிக்கு ஒண்ணு சொல்ற, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. எங்கள இன்னா பேஜார் பண்றியா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் பையனே சொன்னான்: அவனுக்கு கம்ப்யூட்டர்தான் ஆசை, சிநேகிதன் காமர்ஸ் போட்டதால் கூடவே போட்டான். சிநேகிதன் வீடு அடுத்த சந்து. போய்க் கேட்டால், அந்தப் பையன் இவன் போட்டதால் போட்டானாம்! யார் முதலில் போட்டது என்று ரெண்டு பேரும் அங்கேயே சண்டை. சண்டை முடிவதற்குள் ரெண்டு விண்ணப்பத்தையும் மாற்றி எழுதி, பிள்ளைகளிடமும் அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். பதினொன்று.

மறுநாள் சர்ச்சுக்குப் பின்தெருவில் ஒரு வீடு. அப்பா ஏதோ ஆபீசில் கிளார்க். எல்லாவற்றையும் பைலில் போட்டு வைக்கிற மனிதர். டீ கொடுத்து உட்கார வைத்தார். மகளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று அவருக்கே தெரியும். "ஆனா சிஸ்டர், எஞ்சினியரிங் படிச்ச பசங்கதான் எங்க வீட்டுக்குச் சாப்பாடு டெலிவரி பண்றாங்க. நேத்து வந்த பையன் மெக்கானிக்கலாம். அப்புறம் எதுக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உண்மைதான் சார். நீங்க அடிக்கடி போற லோக்கல் ட்ரெய்ன வெச்சே சொல்றேன். தாம்பரத்துல ஏறினா கிண்டியிலயும் எறங்கலாம், பீச்சு வரைக்கும் போலாம். பன்னெண்டாவதுல கணக்கு இருந்தா பிகாமுக்கும் போலாம், எஞ்சினியரிங்கும் போலாம், பிஎஸ்சியும் போலாம். கணக்க விட்டுட்டா கிண்டியில ஏறின மாதிரி. அங்க ஏறி பீச்சுக்குப் போறவன், முன்னாடியே தாண்டிப் போன குரோம்பேட்டையில எறங்க முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிர் ட்ரெய்ன் பிடிச்சு வரலாமே?"

"வரலாம் சார். ரெண்டு வருஷம் லேட்டாகும்."

உள்ளே சமையல்கட்டிலிருந்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவரும் சிரித்துவிட்டார். பைலை எடுத்தார். பன்னிரண்டு.

அடுத்து ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் அம்மாக்களுக்கு வேறு பயம். "மெஷின், கம்பெனின்னு போனா ஆம்பளைங்க நடுவுல நிக்கணும். பொண்ணு எப்படிச் சமாளிக்கும்?" என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அன்று சாயங்காலம் அவரையே கூட்டிப்போனேன். வாயே திறக்காத மனிதர். சேரில் உட்கார்ந்து சொன்னார்: "எங்க லைன்ல மெஷின் நின்னுபோச்சுன்னா நாங்க பத்து ஆம்பளைங்க ஒதுங்கி நிப்போம். ஒரு பொண்ணு டூல் பாக்ஸ தூக்கினு வரும். அது கைய வெச்சாத்தான் மறுபடி ஓடும்." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்கே வீடியோ கால் போட்டார். தலையில் தொப்பியோடு ஒரு பெண் வந்து, "அக்கா, பயப்படாதீங்க. எனக்கு டிப்ளமோ முதல் வருஷம் கணக்குல அரியர். இப்ப ஒன்னும் குறைஞ்சு போகல" என்றது. அம்மாக்கள் அந்தப் பெண்ணின் ஊர், சாப்பாடு, கல்யாணம் எல்லாம் விசாரித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பதினாலு.

வியாழக்கிழமை முழுக்கச் சுற்றியும் பதினைந்தாவது ஆள் கிடைக்கவில்லை. பட்டியலில் மிச்சம் இருந்தது ஒரே பெயர். அவள் அப்பா முடிச்சூரின் பழைய குடும்பத்துக்காரர். நெல் விளைந்த நிலம் இப்போது மனைகளாகி, அவரும் மனை வாங்கி விற்கிறவராகிவிட்டார். முந்தின நாளே போனில் என்னை வெட்டி விட்டிருந்தார்: "பொம்பள புள்ள. பேங்க் வேலைக்குப் போவட்டும். கணக்கு கிணக்கெல்லாம் வாணாம்."

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒரு மனையில் நிற்பதாகத் தெரிந்தது. அவர் மகளையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மூன்று கால் ஸ்டாண்டில் லெவல் பார்க்கிற கருவியை வைத்து ஒரு பெண் எஞ்சினியர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் லெவல் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டுவதில்லை.

"சார், பின்பக்கம் பள்ளமா இருக்கு. இப்படியே கட்டினா தண்ணி உள்ளதான் வரும்" என்றாள் அந்தப் பெண்.

"மேடம், நான் பொறந்த மண்ணு மேடம். சமமாத்தான் கீது. இன்னொரு வாட்டி பாருங்க மேடம்."

அளவுகோலைப் பிடிக்கிற ஆள் அன்று வரவில்லை போலிருக்கிறது. "பாப்பா, இத கொஞ்சம் நேரா பிடிக்கிறியா?" என்று அந்த எஞ்சினியர் பெண் அவர் மகளிடம் கேட்டாள். அவள் ரோட்டோரம் பிடித்தாள், பின்பக்கம் பிடித்தாள். அப்புறம் என் மகளிடம் கோலைக் கொடுத்துவிட்டு வந்து, "நான் பாக்கலாமாக்கா?" என்று கண்ணை வைத்தாள். பின்பக்கம் பார்த்தாள், ரோட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ரோட்டுல ஒன்னு புள்ளி ஒன்னு ரெண்டு மீட்டர். பின்னாடி ஒன்னு புள்ளி அஞ்சு. அப்போ பின்பக்கம் மேடா?"

"இல்ல. நம்ம கண்ணு ஒரே மட்டத்துல இருக்கு. கோல் கீழ போனா எண்ணு பெருசாத்தானே தெரியும்?"

அந்தப் பெண் பிள்ளை விரல் விட்டுக் கழித்துப் பார்த்தாள். "அப்பா, முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பள்ளம்ப்பா. ஒன்னேகால் அடி."

அவர் மண்ணைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, உங்கள எனக்கு இருபது வருஷமாத் தெரியும். நீங்க ஒரு பொம்பளய மேடம்னு கூப்பிட்டு இன்னிக்குத்தான் கேக்கறேன்."

"யம்மா, ஆரம்பிச்சிட்டியா நீ?"

"எடத்துக்குச் சொந்தக்காரர் நீங்க. எவ்ளோ மண்ணு கொட்டணும்னு சொல்றது அந்தப் பொண்ணு. உங்க பொண்ணு எந்தப் பக்கம் நிக்கட்டும்னு அவளையே கேளுங்களேன்."

கேட்டார். "கணக்குப்பா" என்றாள். "உனக்குப் புடிச்சிருக்கா, இல்ல இந்தக் கடைக்காரம்மா சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். "இவங்க எனக்குச் சொன்னது காமர்ஸ்ப்பா" என்றாள். அந்த எஞ்சினியர் பெண் கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். மனைக்காரர் விண்ணப்பத்தைத் தன் ஜீப் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்குத் தலைமை ஆசிரியையின் மேஜையில் ஆறு விண்ணப்பங்களை வைத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினார். "இதுவும் உங்க கையெழுத்துதான்" என்றார். வகுப்பு நடக்கும் என்றார். வீட்டுக்குப் போகும்போது என் மகள் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் வண்டிக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கதையை இங்கே முடித்தால் எனக்கு நல்ல பேர். ஆனால் முதல் மாதத் தேர்வு வந்தது. பதினைந்து பேரில் ஏழு பேர் கணக்கில் பெயில். மறுநாள் காலையில் மனைக்காரர் மகளோடு என் கடைக்கு வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். "குரூப் மாத்தச் சொல்லி லெட்டர் எழுதும்மா. இருவத்தெட்டு மார்க்கு. உம் பொண்ணு எவ்ளோ?"

"முப்பத்திரெண்டு."

"அதுவும் பெயிலா! அப்புறம் எந்த தைரியத்துல எங்க வூட்டுக்கெல்லாம் வந்த?"

லெட்டர் எழுதுவது என் தொழில். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன்: "எழுதட்டுமாடி?"

"நான் போனா பதினாலு ஆயிடும்" என்றாள்.

"அது உன் கவலையில்ல. மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். உனக்கு வேணுமா, வேணாமா?"

அவள் தேர்வுத்தாளைப் பையிலிருந்து எடுத்து என் கண்ணாடி மேஜை மேல் விரித்தாள். கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "இந்தக் கணக்கு எனக்கு வந்துச்சுக்கா. பாதியில மணி அடிச்சிட்டாங்க. வூட்டுக்குப் போயி முடிச்சேன். சரியாத்தான் வந்துது." பின்பக்கத்தில் பென்சிலால் முடித்து வைத்திருந்தாள். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. அவள் அப்பாவும் குனிந்து பார்த்தார், அவருக்கும் புரியவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறேன்னு கணக்கு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் வெள்ளைத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எத்தினி மணிக்கு?" என்றார்.